வெயில் காலத்தில் நீர்த்தேக்கத்தின் ஆழத்தில் தூண்டில் கடிபடாதது ஏன்?

தக்கைப்பார்வை எழுதியது:

வணக்கம். பொதுமக்கள் அனுமதிச் சீட்டுப் பெற்றுத் தூண்டிலிடவும் துடுப்புப் படகு செலுத்தவும் திறந்துவிடப்பட்டிருக்கும் ஒரு நீர்த்தேக்கத்தில் இரண்டு ஆண்டுகளாக மீன் பிடித்து வருகிறேன். அணைக்கு அருகே தண்ணீர் 18 மீட்டர் ஆழம். ஆறு வந்து சேரும் மறுகோடியில் இடுப்பளவுதான். குளிர் மாதங்களில் அணைப்பக்கத்து ஆழத்தில் தரையோடு தரையாக இரையைக் கிடத்தினால் கெண்டையும் கெளுத்தியும் தவறாமல் கடித்தன. வெயில் ஏறி ஒரு மாதம் ஆனதும் அதே இடத்தில், அதே இரைக்கு, ஒரு கடிகூட இல்லை. வெயிலுக்கு மீன் குளிர்ந்த ஆழத்தைத் தேடிப் போய்விடும் என்று கரையில் இருக்கும் எல்லோரும் சொல்வதை நம்பி, நானும் விடாமல் ஆழத்திலேயே போட்டுக்கொண்டிருந்தேன்.

இந்த நாள்களில் கவனித்த மூன்று விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். பதில் சொல்பவர்களுக்கு உதவக்கூடும். 14 மீட்டர் ஆழத்தில் இறக்கிய உயிர் இரை அரை மணி நேரத்தில் செத்து வருகிறது. அதே வாளியிலிருந்து எடுத்த இன்னொரு குஞ்சு 4 மீட்டரில் மணிக்கணக்கில் துடிப்பாக இருக்கிறது. அடுத்தது, அடியில் கிடந்த ஈயக்குண்டு கருத்த பூச்சோடு, அழுகிய முட்டை நாற்றத்துடன் மேலே வருகிறது. மூன்றாவதுதான் என்னை இங்கே எழுத வைத்தது. இரண்டு வாரங்களுக்கு முன் நான்கு நாள்கள் தொடர்ந்து மேகமூட்டமும் காற்றும் குளிர்ந்த மழையும் இருந்தன. ஐந்தாம் நாள் விடியற்காலையில் போய்ப் பார்த்தால், கரையோரம் நெடுகப் பெரிய பெரிய கெண்டைகள் வயிறு தெரிய மிதந்தன. சிறிய மீன்கள் நீர்மட்டத்தில் வாயைப் பிளந்தபடி நின்றன. யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்று கரையில் பேசிக்கொண்டார்கள்.

ஆழத்தில் கடி நின்றதற்கும் மீன் செத்ததற்கும் தொடர்பு உண்டா? உண்மையிலேயே விஷமாக இருக்குமா? இந்தப் பருவம் முடியும்வரை தூண்டிலை எங்கேதான் போடுவது?

ஏரிப்பாடம் எழுதியது:

தொடர்பு உண்டு. நீங்கள் சொன்ன மூன்றும் ஒரே நிகழ்வின் மூன்று முகங்கள் என்றே நினைக்கிறேன். செத்த உயிர் இரையே பாதி விடையைச் சொல்லிவிட்டது. அந்த ஆழத்தில் மூச்சுவிட ஆக்சிஜன் இல்லை.

தண்ணீர் ஏறத்தாழ 4 பாகை செல்சியஸில்தான் மிக அடர்த்தியாக இருக்கிறது. அதற்கு மேல் சூடாகச் சூடாக அது இலேசாகிறது. வெயில் மேல்நீரைச் சூடாக்கும்போது, இலேசான சூட்டு நீர் மேலேயும் கனமான குளிர்நீர் கீழேயுமாகப் பிரிந்து, எண்ணெயும் தண்ணீரும் போல ஒன்றின் மேல் ஒன்று தங்கிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே, ஒன்றிரண்டு மீட்டர் இறங்குவதற்குள் வெப்பநிலை மளமளவென்று குறையும் மெல்லிய பட்டை ஒன்று இருக்கும். அதைத்தான் தெர்மோக்ளைன் என்கிறோம். அமெரிக்க ஏரியியலாளர் எட்வர்ட் பர்ஜ் 1897இல் வைத்த பெயர் அது. இந்த அடுக்கு உறுதியாக இருக்கும்வரை காற்று கலக்குவது பட்டைக்கு மேலுள்ள நீரை மட்டுமே.

வெப்பமான இடங்களில் மேல்நீருக்கும் அடிநீருக்கும் நாலைந்து பாகைதான் வேறுபாடு இருக்கிறது, அதற்கு இவ்வளவு வலிமையா என்று சிலர் கேட்பதுண்டு. சூடான நீரில் ஒரு பாகை வேறுபாடு குளிர்ந்த நீரில் ஒரு பாகை வேறுபாட்டைப் போன்றது இல்லை. 29 பாகையிலிருந்து 30 பாகைக்கு ஏறும்போது ஒரு கனமீட்டர் நீரின் எடை ஏறத்தாழ 300 கிராம் குறைகிறது. 5 பாகையிலிருந்து 6 பாகைக்கு ஏறும்போது 25 கிராம் அளவுக்குத்தான் குறைகிறது. ஆகவே வெப்பநாட்டு நீர்த்தேக்கத்தில் நாலு பாகை வேறுபாடே கீழ்நீரைக் கெட்டியாகப் பூட்டி வைத்துவிடும்.

பூட்டப்பட்ட அந்த நீருக்கு ஆக்சிஜன் வரும் வழிகள் இரண்டும் மேலேயே இருக்கின்றன. ஒன்று காற்றுடன் தொடும் மேற்பரப்பு, மற்றொன்று வெளிச்சத்தில் வளரும் பாசி. கீழே செலவு மட்டுமே நடக்கிறது. மேலிருந்து மழைபோல் இறங்கும் செத்த பாசியையும், தேக்கத்தில் மூழ்கிய மரங்களையும், அடித்து வந்த இலைதழைகளையும் மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் கையிருப்பு ஆக்சிஜனைத் தின்று தீர்க்கின்றன. தீர்ந்த பிறகு ஆக்சிஜன் தேவைப்படாத வேறு வகை நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கி, நீரிலுள்ள சல்ஃபேட்டிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை உண்டாக்குகின்றன. அழுகிய முட்டை நாற்றம் அதனுடையது. ஈயம் அந்த வாயு பட்டால் கருக்கும். உங்கள் குண்டு ஒரு சோதனைக்கருவி போலத்தான் வேலை செய்திருக்கிறது.

மீன் குளிர்ந்த ஆழத்தைத் தேடும் என்பது முழுப்பொய் இல்லை. அடிவரை ஆக்சிஜன் இருக்கும் தெளிந்த, ஊட்டம் குறைந்த ஏரிகளுக்கு அது பொருந்தும். 20 பாகையில் ஒரு லிட்டர் நீர் அதிகபட்சம் 9 மில்லிகிராம் அளவு ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 30 பாகையில் ஏழரை மில்லிகிராம். அதாவது குளிர்நீருக்குக் கொள்திறன் அதிகம். ஆனால் குடம் பெரிதாக இருப்பதாலேயே அதில் தண்ணீர் இருக்கும் என்று சொல்ல முடியாது அல்லவா? பெரும்பாலான வெப்பநீர் மீன்கள் லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் இயல்பாக நடமாடும். 2க்குக் கீழே போனால் திணறும். உங்கள் 14 மீட்டரில் அது ஏறக்குறைய பூச்சியமாக இருந்திருக்கும்.

இனி மீன் செத்த கதை. நான்கு நாள் குளிர்மழையும் காற்றும் மேல்நீரைக் குளிரவைத்துக் கனமாக்கின. அடர்த்தி வேறுபாடு குறைந்ததும் பூட்டு திறந்துகொண்டது. மாதக்கணக்கில் அடியில் கிடந்த ஆக்சிஜனற்ற, வாயு ஏறிய நீர் மேல்நீரோடு கலந்தது. இதைத்தான் நீர் புரள்வது என்கிறார்கள். மேகமூட்டத்தால் பாசியும் பகலில் ஆக்சிஜன் உண்டாக்கவில்லை. இரவில் அதுவும் மூச்சுவிட்டு இருப்பைக் குறைத்தது. சூரியன் எழுவதற்குச் சற்று முன்புதான் நீரில் ஆக்சிஜன் மிகக் குறைந்திருக்கும். அதனால் விடியற்காலையில் பார்த்திருக்கிறீர்கள்.

விஷமா என்பதைக் கரையில் நின்றே உறுதியாகச் சொல்லிவிட முடியாது என்றாலும், அடையாளங்கள் இருக்கின்றன. ஆக்சிஜன் குறைந்து சாகும்போது பெரிய மீன்களே முதலில் விழும். சிறியவை நீரின் மேல்தோலில் வாயை வைத்துச் சிறிது நேரம் தாக்குப்பிடிக்கும். விஷம் பொதுவாகப் பெரியது சிறியது பார்க்காது, வேளையும் பார்க்காது. நீர்ப்பூச்சிகளும் சேர்ந்து சாகும். நீங்கள் சொல்வது முதல் வகையோடு பொருந்துகிறது. எப்படியிருந்தாலும் நீர்த்தேக்கப் பொறுப்பு அலுவலகத்துக்குத் தெரிவித்துவிடுங்கள். செத்து மிதந்ததை யாரும் சமையலுக்கு எடுக்க வேண்டாம்.

பழைய_ஆற்றுத்தடம் எழுதியது:

மேலே ஐயா காரணத்தைச் சொல்லிவிட்டார். தூண்டிலை எங்கே போடுவது என்ற கேள்விக்கு என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் பட்டை எந்த ஆழத்தில் இருக்கிறது என்பதை அளந்துவிடுங்கள். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. மூடியில் துளையிட்ட ஒரு கனமான குடுவைக்குள் சாதாரண வெப்பமானியை வைத்து, மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் கட்டி இறக்குங்கள். ஒவ்வொரு ஆழத்திலும் இரண்டு மூன்று நிமிடம் நிறுத்தி, விறுவிறுவென்று இழுத்துப் படியுங்கள். குடுவைக்குள் இருக்கும் நீர் மேலே வரும்வரை சூடு மாறாமல் இருக்கும். எந்த இரண்டு முடிச்சுகளுக்கு இடையில் சட்டென்று ஒரு பாகைக்கு மேல் குறைகிறதோ, அங்கே தொடங்குகிறது பட்டை. ஒலியலையை அனுப்பி நீருக்கடியில் இருப்பதைத் திரையில் காட்டும் சோனார் கருவி வைத்திருப்பவர்கள் அதன் உணர்திறனை ஏற்றிவைத்தால், திரையின் நடுவே மூடுபனி போன்ற கிடைக்கோடு ஒன்று தெரியும், பெரும்பாலும் அதுதான். மீன் குறிகள் அந்தக் கோட்டுக்கு மேலேயே நிற்பதையும், கீழே திரை வெறுமையாகக் கிடப்பதையும் ஒருமுறை பார்த்தால் பிறகு யாரும் அடியில் இரையைக் கிடத்த மாட்டார்கள்.

ஆழம் தெரிந்தபின் இடத்தைத் தேட வேண்டும். நீர்த்தேக்கத்தின் அடித்தரை இயற்கை ஏரியின் கிண்ணம் போன்றது இல்லை. அது தண்ணீருக்குள் போன ஒரு பள்ளத்தாக்கு. ஆறு ஓடிய தடம், அதன் இரு கரைகள், பழைய பாதைகள், கல்வேலிகள், வெட்டப்படாமல் விட்ட மரக்கட்டைகள் எல்லாம் அப்படியே கீழே இருக்கின்றன. அணை கட்டுவதற்கு முந்தைய நில வரைபடம் ஒன்று கிடைத்தால் அதைவிடப் பெரிய புதையல் கிடையாது. தெர்மோக்ளைன் 7 மீட்டரில் இருக்கிறது என்றால், பழைய ஆற்றுக்கரையின் விளிம்பு 5 முதல் 7 மீட்டர் ஆழத்துக்குள் எங்கே வருகிறது என்று பாருங்கள். மீனுக்கு அங்கே ஆக்சிஜனும் இருக்கிறது, ஒதுங்க விளிம்பும் இருக்கிறது, மேலே வந்து மேயவும் வசதி. நடுநீரில் ஒன்றுமில்லாத இடத்தில் தொங்கும் மீன்களும் உண்டு; ஆனால் அவற்றைத் தேடுவது கரையிலிருந்து பிடிப்பவர்களுக்குப் பெரும்பாடு.

இதற்கு வழுக்குத் தக்கைதான் சரி. தூண்டில் நரம்பில் நூல்முடிச்சு ஒன்றை வேண்டிய ஆழத்தில் கட்டிவிட்டால், தக்கை வழுக்கிக்கொண்டு போய் அந்த முடிச்சில் நிற்கும். இரை எப்போதும் நீங்கள் நினைத்த ஆழத்தில் தொங்கும். பட்டை 7 மீட்டர் என்றால் 5 மீட்டரில் தொடங்கி அரை மீட்டர் அரை மீட்டராக இறக்கிப் பாருங்கள்.

நீரின் தெளிவையும் அளந்துகொள்ளுங்கள். இத்தாலிய வானியலாளர் ஆஞ்செலோ செக்கி 1865இல் மத்தியதரைக் கடலில் வெள்ளைத் தட்டை இறக்கிப் பார்த்த அதே முறைதான். இன்று ஏரிகளில் 20 சென்டிமீட்டர் அகலமுள்ள, கறுப்பும் வெள்ளையுமாகக் கால்வட்டங்கள் தீட்டிய தட்டைப் பயன்படுத்துகிறார்கள். தட்டு எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறதோ, ஏறத்தாழ அதன் இரண்டு மூன்று மடங்கு ஆழம் வரைதான் பாசி வளரப் போதிய வெளிச்சம் போகும். தட்டு ஒரு மீட்டரிலேயே மறைந்துவிட்டால், மூன்று மீட்டருக்குக் கீழே ஆக்சிஜன் உற்பத்தி நடக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

பிடித்ததைத் திரும்ப விடுபவராக இருந்தால் ஒரு வார்த்தை. கெண்டை, கெளுத்தி வகைகளின் காற்றுப்பைக்கும் தொண்டைக்கும் நடுவே குழாய் உண்டு; ஆழத்திலிருந்து இழுத்தாலும் அவை காற்றை வெளியேற்றிச் சமாளித்துக்கொள்ளும். பெர்ச், பாஸ் போன்ற இனங்களில் அந்தக் குழாய் இல்லை. வேகமாக மேலே இழுத்தால் பை உப்பி, வயிறு மேல்நோக்கி மிதந்து, விட்டாலும் பிழைப்பது அரிது. வெயில் காலத்தில் மேல்நீர் சூடாக இருப்பதால் எந்த மீனானாலும் இழுத்து விளையாடும் நேரத்தைக் குறைத்து, தண்ணீருக்குள் வைத்தபடியே முள்ளைக் கழற்றிவிடுவது நல்லது.

பௌர்ணமி எழுதியது:

பெரியவர்கள் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் நான் பல ஆண்டுகளாக நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்திருக்கிறேன். காற்றழுத்தம் இறங்கும் நாள்களில் கடி குறைகிறது, ஏறும் நாள்களில் கூடுகிறது. அழுத்தம் மீனின் காற்றுப்பையை உறுத்துவதால்தான் அது இடம் மாறுகிறது என்று படித்திருக்கிறேன். கேள்வி கேட்டவர் காற்றழுத்தத்தையும் கவனித்தால் விடை கிடைக்கும் என்பது என் எண்ணம்.

ஏரிப்பாடம் எழுதியது:

நோட்டு வைத்திருப்பவரிடம் வாதிடுவது எளிதில்லை. இருந்தாலும் கணக்கைப் பார்ப்போம். காற்றழுத்தத்தில் ஒரு ஹெக்டோபாஸ்கல் மாற்றம் என்பது ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமம். ஒரு பெரிய புயல்மழை வரும்போது 20 ஹெக்டோபாஸ்கல் குறைந்தது என்று வைத்துக்கொண்டாலும், மீனுக்கு அது 20 சென்டிமீட்டர் மேலே நீந்தியதற்கு ஒப்பாகும். மேயும்போது சில நொடிகளில் இரண்டு மூன்று மீட்டர் ஏறி இறங்கும் ஒரு கெண்டை அதன் பத்து மடங்கு மாற்றத்தைச் சாதாரணமாகத் தாங்குகிறது. ஆகவே காற்றுப்பை உறுத்தும் என்ற விளக்கம் நிற்காது.

உங்கள் குறிப்புகள் பொய் என்று நான் சொல்லவில்லை. அழுத்தம் இறங்கும்போது மேகமும் காற்றும் மழையும் கூடவே வருகின்றன. வெளிச்சம் மாறுகிறது, அலை எழுகிறது, கலங்கல் நீர் வந்து சேர்கிறது, சில நேரம் நீரே புரள்கிறது. கடி மாறுவதற்கு இவற்றில் எதுவும் காரணமாக இருக்கலாம். அடுத்த முறை அழுத்தத்துக்குப் பக்கத்தில் காற்றின் திசையையும் நீரின் தெளிவையும் சேர்த்துக் குறித்தால், அந்த நோட்டை நானே கேட்டு வாங்கிப் படிப்பேன்.

மதகுச்சாவி எழுதியது:

நான் அணைப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இவ்வளவு நேரம் பேசியதில் ஒருவரும் மதகைப் பற்றிப் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன்.

இயற்கை ஏரியின் நீர்மட்டத்தை மழையும் வெயிலும் தீர்மானிக்கின்றன. நீர்த்தேக்கத்தின் மட்டத்தைப் பாசனமும் குடிநீரும் மின்சாரமும் வெள்ளத் தடுப்பும் தீர்மானிக்கின்றன. மீனும் படகும் அந்த வரிசையில் கடைசியில்தான் வரும். பொழுதுபோக்குக்குத் திறந்துவிட்டிருக்கிறார்களே, தண்ணீரை ஏன் இப்படி இறக்குகிறார்கள் என்று சண்டைக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தண்ணீரைச் சேமித்து வைத்ததே இறக்குவதற்காகத்தான். அமெரிக்காவில் ஹூவர் அணைக்குப் பின்னால் இருக்கும் மீட் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். தேசியப் பொழுதுபோக்குப் பகுதியாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்ட பெருநீர்த்தேக்கம் அது. 2000இல் ஏறத்தாழ நிறைந்து நின்ற அதன் நீர், வறட்சியாலும் தேவைப் பெருக்கத்தாலும் 2022 ஜூலையில் கடல் மட்டத்திலிருந்து 1,040 அடி என்ற அளவுக்கு இறங்கியது. 50 மீட்டருக்கும் மேற்பட்ட இறக்கம். படகு இறக்கும் சரிவுத் தளங்கள் பல தண்ணீரைத் தொடாமல் அந்தரத்தில் நின்றன.

மீன்பிடிப்பவருக்கு இதில் ஒரு நேரடிப் பயன் உண்டு. மட்டம் மெல்ல ஏறி, கரையோரப் புல்லும் செடியும் மூழ்கும்போது புழுபூச்சியைத் தேடி மீன் ஆழமற்ற இடத்துக்கு ஏறி வரும். மட்டம் வேகமாக இறங்கும்போது கரையோரத்தைக் கைவிட்டு, மேலே நண்பர் சொன்ன பழைய ஆற்றுத்தடத்தின் விளிம்புக்கு ஒதுங்கும். முட்டையிடும் காலத்தில் மட்டத்தைச் சடாரென்று இறக்கினால் கரையோரம் இட்ட முட்டைகள் காய்ந்துபோகும். அந்த ஆண்டுக் குஞ்சுகள் குறைந்தால் இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் தூண்டில்காரருக்கு அது தெரியவரும். ஆகவே தினசரி நீர்மட்டப் பலகையைப் பார்க்காமல் கரையில் உட்காராதீர்கள். அந்த எண்ணைவிட முந்தைய நாளோடு ஒப்பிட்ட ஏற்ற இறக்கமே முக்கியம்.

மதகு எந்த உயரத்தில் இருக்கிறது என்பதும் உங்கள் அடுக்குகளைப் பாதிக்கும். அடிமதகைத் திறந்தால் கெட்ட குளிர்நீர் வெளியேறி, பட்டை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும்; தேக்கத்துக்குள் மீனுக்கு இடம் கூடும், ஆனால் அணைக்குக் கீழே ஆற்றில் இருப்பவற்றுக்கு அந்த நாறும் நீர் போய்ச் சேரும். மேல்மட்டத்திலிருந்து நீரெடுத்தால் நிலைமை தலைகீழ். இதற்காகவே சில அணைகளில் பல உயரங்களில் வாயில் வைத்த நீரெடுப்புக் கோபுரம் கட்டுகிறார்கள்.

இன்னொன்று, தேக்கத்தின் வயது. புதிதாக நிரம்பிய நீர்த்தேக்கத்தில் முதல் சில ஆண்டுகள் மீன் குவியும். மூழ்கிய மண்ணும் தாவரமும் விடும் உரம் அதற்குக் காரணம். பிறகு உரம் தீர்ந்து விளைச்சல் சரியும். முன்பெல்லாம் எவ்வளவு மீன் தெரியுமா என்று புலம்பும் மூத்தவர்களில் பலர் அந்த முதல் ஆண்டுகளைப் பார்த்தவர்கள். ஆப்பிரிக்காவில் சாம்பசி ஆற்றின் குறுக்கே கட்டிய கரீபா நீர்த்தேக்கம் நிரம்பத் தொடங்கியது 1958இல். சால்வீனியா என்ற மிதக்கும் களை 1960களின் தொடக்கத்தில் அதன் பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை மூடிவிட்டது. பிறகு பெரிதும் சுருங்கியது. ஆற்று மீன்கள் திறந்த ஆழ்நீரைப் பயன்படுத்தாததால், டாங்கனிக்கா ஏரியிலிருந்து கப்பெண்டா என்ற சிறுமீனை 1967, 1968ஆம் ஆண்டுகளில் கொண்டுவந்து விட்டார்கள்; இன்று அங்கே பெரிய மீன்பிடித் தொழிலே அதை நம்பி நடக்கிறது. ஆறு தேக்கமாக மாறும்போது ஆற்றுமீன் எல்லாம் தானாகவே ஏரிமீனாக மாறிவிடாது என்பதை நாங்கள் பயிற்சியில் இந்தக் கதையை வைத்துத்தான் படித்தோம். ஆனால் இதைக் கேட்டுவிட்டு யாரும் வீட்டுத் தொட்டி மீனைக் கொண்டுபோய்த் தேக்கத்தில் விட வேண்டாம். வெளியினம் புகுந்து உள்ளூர் இனம் நலிந்த தேக்கங்களும் உண்டு.

தக்கைப்பார்வை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு கேள்விகள் மட்டும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும்போது அவர்கள் நீந்த ஆசைப்படுகிறார்கள்; அணைக்கு அருகில் எவ்வளவு தூரம் தள்ளி இருக்க வேண்டும்? காற்று அடிக்கும் கரையில் சில நாள்களாகப் பச்சைப் பெயிண்ட் ஊற்றியது போல் ஒரு படலம் ஒதுங்கியிருக்கிறது, அது என்ன?

மதகுச்சாவி எழுதியது:

நீந்த அனுமதித்த இடம் என்று குறித்திருந்தால் அங்கே மட்டும் நீந்த விடுங்கள். குறித்திருக்காவிட்டால் வேண்டவே வேண்டாம். மிதவைகளைக் கயிற்றில் கோத்து ஒரு எல்லை போட்டிருப்பார்கள். அந்தக் கயிற்றைத் தாண்டுவது உயிரோடு விளையாடுவது. நீரெடுக்கும் வாய் தண்ணீருக்கு அடியில் இருக்கும். மேலே சலனமே தெரியாது, ஆனால் உள்ளே இழுக்கும் விசைக்கு ஆள் ஈடுகொடுக்க முடியாது. உபரிநீர் போக்கிக்குக் கீழே, நீர் விழுந்து சுழலும் இடம் அதைவிட மோசம். சுழல் திரும்பத் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும், நீச்சல் தெரிந்தவரும் தப்புவது கடினம். அணைக்குக் கீழே ஆற்றுப்படுகையில் நின்று தூண்டிலிடுபவர்கள் சங்கொலி கேட்டால் பெட்டியை எடுக்கக்கூடத் திரும்பாமல் கரையேற வேண்டும்.

யாரும் சொல்லாத ஆபத்து ஒன்று சேறு. மட்டம் இறங்கிய பிறகு தெரியும் தரை மேலே வெடித்துக் காய்ந்ததுபோல் இருக்கும், உள்ளே குழைசேறு. முழங்கால் வரை இறங்கிவிட்டால் தனியாக எழ முடியாது. இன்னொன்று குளிர். மேலே இளஞ்சூடாக இருக்கும் நீரில் குதிப்பவன் பட்டையைக் கடந்ததும் திடீரென்று குளிர்நீரில் விழுகிறான். குளிர் நாடுகளில் 15 பாகைக்குக் கீழ் உள்ள நீர் முதல் ஓரிரு நிமிடத்திலேயே மூச்சைத் திணறவைத்து நன்றாக நீந்தத் தெரிந்தவரையும் மூழ்கடித்துவிடுகிறது. படகில் லைஃப் ஜாக்கெட்டை இருக்கைக்குக் கீழே வைத்திருப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் ஒன்றுதான்.

படகை வேறு நீர்நிலைக்குக் கொண்டுபோவதாக இருந்தால் கழுவி, உள்ளே தேங்கிய நீரை வடித்து, நன்றாகக் காயவைத்த பிறகே இறக்குங்கள். நான் மேலே சொன்ன மீட் ஏரியில் 2007 ஜனவரியில் குவாகா என்ற சிறு சிப்பியினம் கண்டுபிடிக்கப்பட்டது. படகுகளோடு தொற்றிப் பரவும் அந்தச் சிப்பி இன்று குழாய்களிலும் கம்பிவலைகளிலும் அப்பிக்கொண்டு தீராத தலைவலியாக இருக்கிறது.

ஏரிப்பாடம் எழுதியது:

பச்சைப் பெயிண்ட் போன்ற படலம் பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசி. பாசி என்கிறோமே தவிர, அது ஒரு வகைப் பாக்டீரியா. ஒரு குச்சியால் தூக்கிப் பாருங்கள். நூல்நூலாகத் தொங்கினால் சாதாரண இழைப்பாசி, பெயிண்ட் போல வழிந்தால் சந்தேகப்படுங்கள். அதன் சில வகைகள் மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சை உண்டாக்கி ஈரலைப் பாதிக்கின்றன. எந்தப் படலம் நஞ்சுள்ளது என்று கண்ணால் பிரித்தறிய முடியாது. நீரைக் கொதிக்கவைத்தாலும் அந்த நஞ்சு அழியாது. 1996இல் பிரேசிலின் கருவாரு நகரில், இந்தப் பாசி பெருகிய ஒரு நீர்த்தேக்கத்திலிருந்து வந்த நீரைச் சிறுநீரகச் சுத்திகரிப்புக்குப் பயன்படுத்தியதில் 50க்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்தார்கள்.

ஆகவே படலம் ஒதுங்கிய கரையில் பிள்ளைகளையும் நாயையும் இறங்க விடாதீர்கள். குறிப்பாக நாய், நனைந்த உடலை நக்கியே நஞ்சை உட்கொண்டுவிடும். அந்த நாள்களில் பிடித்த மீனைச் சாப்பிடுவதைத் தவிர்ப்பது நல்லது. சாப்பிட்டே ஆக வேண்டும் என்றால் குடலையும் ஈரலையும் முழுதாக நீக்கி, சதையை நல்ல நீரில் கழுவிக்கொள்ளுங்கள். காற்று கிளம்பி வரும் எதிர்க்கரையில் தெளிந்த நீர் இருக்கும். ஆனால் காற்றுத் திரும்பினால் படலமும் திரும்பும்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. நீர் புரண்டதால் அடுக்குக் கலைந்துவிட்டதே, இனி ஆழத்தில் போடலாமா என்று நீங்கள் கேட்கக்கூடும். வெயில் திரும்பியதும் சில வாரங்களில் மறுபடி அடுக்குக் கட்டும். அளக்காமல் முடிவு செய்யாதீர்கள்.

தக்கைப்பார்வை எழுதியது:

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். குடுவை வெப்பமானியை இறக்கிப் பார்த்தேன். மேற்பரப்பிலிருந்து 6 மீட்டர் வரை 29 பாகையை ஒட்டியே இருந்தது. 7இல் 27, 8இல் 25, 12இல் 23. ஐயா சொன்னதுபோல அடுக்கு மறுபடி கட்டியிருந்தது. வெள்ளைத் தட்டு ஒன்றரை மீட்டரில் மறைந்தது. அணைப்பக்கத்தை விட்டுவிட்டு, பழைய ஆறு வளையும் இடத்தின் விளிம்பைப் படகில் தேடிக் கண்டுபிடித்து, வழுக்குத் தக்கையில் ஐந்தரை மீட்டருக்கு முடிச்சிட்டுப் போட்டேன். முதல் நாள் காலையில் இரண்டு கெண்டை, மறுநாள் ஒரு கெளுத்தி. ஏழரை மீட்டருக்கு இறக்கியபோது ஒன்றும் தொடவில்லை. மறுபடி ஏற்றியதும் கடி வந்தது.

மீன் செத்த விவரத்தை அலுவலகத்தில் தெரிவித்தேன். அவர்களும் அன்று காலை நீரைச் சோதித்திருக்கிறார்கள். மேற்பரப்பிலேயே லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் குறைவாகத்தான் ஆக்சிஜன் இருந்ததாம், நச்சுப் பொருள் எதுவும் தென்படவில்லையாம். பச்சைப் படலம் இருக்கும் கரையில் எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் இப்போது தட்டை இறக்கி அளப்பதில் ஆர்வமாகிவிட்டதால் நீந்தும் பேச்சைக் கொஞ்சம் மறந்திருக்கிறார்கள். லைஃப் ஜாக்கெட் வெயிலில் வேர்க்கிறது என்ற புகார் மட்டும் தொடர்கிறது.

பௌர்ணமி எழுதியது:

வாழ்த்துகள். நானும் என் நோட்டில் காற்றின் திசைக்கென்று ஒரு கட்டம் சேர்த்துவிட்டேன். இருந்தாலும் கேட்கிறேன்: அந்த இரண்டு கெண்டை விழுந்த காலையில் காற்றழுத்தம் எவ்வளவு என்று பார்த்தீர்களா?